ஹாட்டி கேரலுக்குப் பட்ட கடன்

பாப் டிலனைப் பற்றி யார் எழுதினாலும் ‘யூதாஸ்’ கதை வந்தே தீரும். நானும் அதிலிருந்துதான் தொடங்குகிறேன். 1966 மே 17, இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரம், ஃப்ரீ ட்ரேட் ஹால். முதல் பாதியில் டிலன் தனியாகப் பாடினார். கையில் சாதா கிதார், கழுத்தில் மாட்டிய மௌத் ஆர்கன். நல்ல கைதட்டல். இடைவேளைக்குப் பிறகு மின்கிதார், டிரம்ஸ் சகிதம் ஒரு குழுவோடு மேடையேறினார். முணுமுணுப்பு தொடங்கியது, பிறகு கூச்சல். இரண்டு பாட்டுகளுக்கு நடுவே கிடைத்த அமைதியில் கூட்டத்திலிருந்து ஒரு குரல் ‘யூதாஸ்’ என்று கத்தியது. உன்னை நான் நம்பவில்லை, நீ பொய்யன் என்று டிலன் பதில் சொன்னார். குழுவைத் திரும்பிப் பார்த்து சத்தமாக வாசிக்கச் சொன்னார். அந்த ஒலிப்பதிவு லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் கச்சேரி என்ற தவறான பெயரில் பல வருடம் கள்ளத்தனமாகச் சுற்றிவிட்டு, 1998இல்தான் முறைப்படி வெளியானது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் டிலன் பக்கம் நின்று சொல்வார்கள். கலைஞனுக்கு மாறும் சுதந்திரம் உண்டு, ரசிகனுக்குத்தான் அது புரியவில்லை, முடிந்தது கதை. எனக்கு இவ்வளவு சுலபமாக முடித்துக்கொள்ள மனசில்லை. அந்தக் குரல் கேட்டது ஒரு நியாயமான கேள்வியாகவும் இருக்கலாம் இல்லையா? யூதாஸ் என்றால் காட்டிக்கொடுத்தவன், கூடவே காசு வாங்கியவன். டிலன் யாரிடம் என்ன வாங்கினார்? வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டாமா?

நம் மொழியில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: செஞ்சோற்றுக்கடன். உண்ட சோற்றுக்கு உயிரைக் கொடுப்பது. சொன்னவுடன் நமக்குக் கர்ணன் ஞாபகம் வந்துவிடும், கூடவே கொஞ்சம் தொண்டையும் அடைக்கும்.

டிலன் உண்ட சோறு கொஞ்சநஞ்சமில்லை. 1961 ஜனவரியில் நியூயார்க் வந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது. வளர்ந்தது மின்னசோட்டா மாநிலத்தின் ஹிப்பிங் என்ற இரும்புச் சுரங்க ஊர். இயற்பெயர் ராபர்ட் ஸிம்மர்மேன். மருத்துவமனையில் கிடந்த வுடி கத்ரியைப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஊரைவிட்டு வந்ததற்கு ஒரு காரணம். கிரீனிச் வில்லேஜின் காபிக் கடைகளில் பாடினார். அங்கே இருந்தவர்கள் அவருக்குப் பாட்டு கொடுத்தார்கள், படுக்க சோபா கொடுத்தார்கள். சிலசமயம் கொடுப்பதற்கு முன்னாலேயே அவர் எடுத்துக்கொண்டதும் உண்டு. டேவ் வான் ராங்க் ஒரு பழைய பாட்டுக்குத் தானாக அமைத்து வைத்திருந்த வாசிப்பு முறையை, அவர் பதிவு செய்வதற்குள் டிலன் தன் முதல் ஆல்பத்தில் பதிவு செய்துவிட்டார். ஜோன் பயஸ் அப்போதே பெரிய நட்சத்திரம். 1963இல் தன் மேடைகளில் இந்தப் பொடியனைக் கூப்பிட்டு நிறுத்திப் பாடவைத்தார். தன் கூட்டத்தையே தூக்கிக் கொடுத்த மாதிரிதான்.

இவர்கள் எல்லோருக்கும் பின்னால் பீட் சீகர். கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலத்தில், 1955இல், அமெரிக்க நாடாளுமன்றக் குழு அவரைக் கூப்பிட்டு யார் யாரோடு பாடினாய், எந்தக் கூட்டத்தில் பாடினாய் என்று கேட்டது. என் நம்பிக்கைகளைப் பற்றிக் கேட்க உங்களுக்கு உரிமையில்லை என்று சொல்லிவிட்டார். 1961இல் குற்றவாளி என்று தீர்ப்பு, ஓராண்டுச் சிறைத்தண்டனை. அடுத்த வருடம் மேல்முறையீட்டில் அது ரத்தானது. ஆனாலும் பெரிய தொலைக்காட்சிகள் பல வருடம் அவரை உள்ளே விடவில்லை. பள்ளிக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் பாடியே வண்டியை ஓட்டினார். டிலன் ஏறி நின்ற மேடை இப்படிப்பட்டவர்கள் பட்ட அடியில் எழுந்தது.

ஆக, கடன் உண்டு. அதை மறுக்க நான் தயாராக இல்லை. ஆனால் கடன் கேட்டு மான்செஸ்டரில் நின்றவர் யார்?

அந்தக் கச்சேரியின் முதல் பாதியைக் கவனியுங்கள், கைதட்டல் வாங்கிய பாதியை. அதில் போராட்டப் பாட்டு ஒன்றுகூட இல்லை. போர் இல்லை, கறுப்பர் உரிமை இல்லை. நீளமான, கனவு மாதிரியான, பாதி புரியாத காதல் பாட்டுகளும் நகரத்துப் பாட்டுகளும்தான். அதற்கு யாரும் யூதாஸ் என்று கத்தவில்லை. டிலன் அந்த இயக்கத்திலிருந்து விலகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. 1963 டிசம்பரில் சிவில் உரிமை அமைப்பு ஒன்று விருது கொடுத்தபோது, போதையில் மேடையேறி அங்கே இருந்த வயதானவர்களைக் கிண்டலடித்து, கென்னடியைச் சுட்ட ஆஸ்வால்டுக்குள் தன்னில் கொஞ்சத்தைப் பார்ப்பதாகச் சொல்லி வசவு வாங்கியிருந்தார். அடுத்த வருடம் வந்த ஆல்பத்தில் தன் பழைய உறுதிகளைத் தானே நையாண்டி செய்திருந்தார். இதெல்லாம் அந்த அரங்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியாததல்ல. அப்போதெல்லாம் பொறுத்துக்கொண்டவர்கள் கிதாரில் மின்சாரம் ஏறியதும் பொங்கிவிட்டார்கள். அவர்கள் விசுவாசம் மரக்கிதாரோடு இருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

1965 ஜூலையில் நியூபோர்ட் விழாவில் டிலன் முதல்முறையாக மின்கிதாரோடு மூன்று பாட்டு பாடியபோதும் இதே கூச்சல். பீட் சீகர் கோடரியால் ஒயரை வெட்டப் போனார் என்று ஒரு புராணமே உண்டு. கோடரி இருந்தால் வெட்டியிருப்பேன் என்றுதான் சொன்னேன், பாட்டின் வார்த்தைகள் ஒன்றும் காதில் விழவில்லை, அதுதான் கோபம் என்று சீகர் பிற்பாடு விளக்கினார். இதை நான் நம்புகிறேன். சீகருக்கு வார்த்தைகள் முக்கியம், அந்த வார்த்தைகளுக்காக அவர் கோர்ட்டில் நின்றவர். கூட்டத்தின் கோபத்தையும் அவர் கோபத்தையும் ஒரே கணக்கில் எழுதக் கூடாது.

சரி, கடனை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தவர் ஒருவரைப் பார்ப்போம். ஃபில் ஓக்ஸ். டிலனின் சமகாலத்தவர், நண்பர், போட்டியாளர். இதழியல் படித்துவிட்டுப் பாட வந்தவர். செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டே பாட்டெழுதியவர் என்று சொல்லலாம். நீ பாடகன் இல்லை, பத்திரிகைக்காரன் என்று டிலன் அவரைக் காரிலிருந்து இறக்கிவிட்டதாக ஒரு கதை சுற்றுகிறது. வியட்நாம் போருக்கு எதிரான எத்தனையோ கூட்டங்களில் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ப் பாடினார் ஓக்ஸ். 1970இல் ஒருநாள், நியூயார்க் கார்னகி ஹாலில், எல்விஸ் பிரெஸ்லி போட்டதைப் போன்ற தங்க ஜிகினா கோட்டு போட்டுக்கொண்டு வந்து பழைய ராக் அண்ட் ரோல் பாட்டுகளைப் பாடினார். அவருடைய ரசிகர்களே அவரை ‘ஊ’ கொட்டினார்கள். அத்தனை வருட விசுவாசத்துக்கும் ஒரு ராத்திரி கோட்டு மாற்றிக்கொள்ளும் உரிமைகூடக் கிடைக்கவில்லை. சிலியில் விக்டர் ஹாரா கொல்லப்பட்ட பிறகு, 1974இல், சிலி மக்களுக்காக ஓக்ஸ் ஒரு நிகழ்ச்சி நடத்தினார். டிக்கெட் போகவில்லை. டிலன் வருகிறார் என்று தெரிந்ததும் விற்றுத் தீர்ந்தது. 1976 ஏப்ரலில் ஓக்ஸ் தற்கொலை செய்துகொண்டார். முப்பத்தைந்து வயது.

கர்ணன் கடனைத் தீர்த்தான், சரி. தீர்த்த இடம் துரியோதனன் பக்கம் என்பதையும் நாம் மறக்கக் கூடாதில்லையா. சோறு போட்டவர் கேட்பதெல்லாம் நியாயம் ஆகிவிடாது. ரசிகன் ஒரு பாட்டுக்கு டிக்கெட் வாங்குகிறான், பாட்டைக் கேட்கிறான். அந்தக் கணக்கு அங்கேயே முடிகிறது என்பதுதான் என் கட்சி. கலைஞனின் மிச்ச ஆயுளுக்கும் சேர்த்து அவன் முன்பணம் கொடுத்துவிடவில்லை.

இத்துடன் டிலன் விடுதலை என்று எழுதிவிடலாம். பலர் எழுதியும் விட்டார்கள். எனக்கு இங்கேதான் ஒரு பெயர் குறுக்கே வருகிறது.

ஹாட்டி கேரல். ஐம்பத்தொரு வயதுக் கறுப்பினப் பெண். நிறையப் பிள்ளைகளைப் பெற்றவர். பால்டிமோர் நகரத்து எமர்சன் ஹோட்டலில் மதுவும் சாப்பாடும் பரிமாறும் வேலை. 1963 பிப்ரவரி 8 இரவு அங்கே பணக்கார வீட்டு ஆட்களின் நடன விருந்து. அதற்கு வந்தவன் வில்லியம் ஸான்ட்ஸிங்கர், இருபத்து நான்கு வயது, மேரிலாண்டில் புகையிலைப் பண்ணை வைத்திருந்த குடும்பம். கையில் திருவிழாக் கடையில் வாங்கிய விளையாட்டுக் கைத்தடி. நன்றாகக் குடித்துவிட்டு, அந்தத் தடியால் ஹோட்டல் ஊழியர்கள் பலரையும் தட்டிக்கொண்டே திரிந்தான். நள்ளிரவு தாண்டி ஹாட்டி கேரலிடம் போய் விஸ்கி கேட்டான். ஒரு நிமிஷம் தாமதம் ஆனது. நிறத்தைச் சொல்லித் திட்டினான், தடியால் அடித்தான். அவர் சக ஊழியர்களிடம் வந்து உடம்புக்கு என்னவோ செய்கிறது என்று சொன்னார், சரிந்தார். மறுநாள் காலை மருத்துவமனையில் இறந்துபோனார். மூளையில் ரத்தக்கசிவு.

முதலில் கொலை வழக்கு. பிறகு அது நோக்கமில்லாத கொலை என்று குறைந்தது. அவருக்கு ஏற்கெனவே ரத்தக்கொதிப்பு இருந்தது, அடி விழுந்த இடத்தில் காயம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, வசவும் அடியும் சேர்ந்து ஏற்படுத்திய அதிர்ச்சியில்தான் மூளையில் ரத்தம் கசிந்தது என்பது காரணம். மூன்று நீதிபதிகள் விசாரித்துக் குற்றவாளி என்றார்கள். ஆகஸ்ட் 28 அன்று தண்டனை சொல்லப்பட்டது. ஆறு மாதம், 500 டாலர் அபராதம். புகையிலை அறுவடை முடியட்டும் என்று சிறைக்குப் போவதற்கு அவகாசமும் கொடுத்தார்கள்.

1963 ஆகஸ்ட் 28 என்ற தேதி உங்களுக்கு வேறு எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். அன்றைக்குத்தான் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் தன் கனவைச் சொன்னார். அதே மேடையில், பிற்பாடு யூதாஸ் என்று பெயர் வாங்கப்போகும் இருபத்திரண்டு வயதுப் பையனும் பாடினான். மிசிசிப்பியில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்ட மெட்கர் எவர்ஸைப் பற்றிய பாட்டு.

அந்த வருடம் அக்டோபரில் டிலன் ஹாட்டி கேரலின் பாட்டைப் பதிவு செய்தார். ‘தி லோன்சம் டெத் ஆஃப் ஹாட்டி கேரல்’. நம் ஊர்க் கொலைச்சிந்துகளைத் தெரிந்தவர்களுக்கு இந்த வகைப் பாட்டு புதிதில்லை. சந்தையில் நின்று, நடந்த கொலையை ஊர், பேர், தேதியோடு பாடி, காலணாவுக்குப் புத்தகம் விற்கிற மரபு. அங்கேயும் அப்படி ஒன்று இருந்தது, டிலன் அதில் ஊறியவர். ஆனால் கொலைச்சிந்து முதல் அடியிலேயே ஒப்பாரி வைக்கும். இந்தப் பாட்டு அழுகையை ஒத்திப்போடுகிறது. கொலையைச் சொல்லி, பொறு, இன்னும் அழ நேரம் வரவில்லை என்கிறது. கொன்றவனின் சொத்தைச் சொல்லி, செத்தவரின் வேலையைச் சொல்லி, ஒவ்வொரு முறையும் அதையே சொல்கிறது. கடைசியில் நீதிபதி ஆறு மாதம் என்று சொன்ன பிறகுதான் அழ அனுமதி. சாவைவிடத் தீர்ப்புக்கு அழ வேண்டும் என்பது இந்தப் பாட்டின் வாதம்.

இன்னொன்று. பாட்டு முழுக்க அவர் கறுப்பு, அவன் வெள்ளை என்று ஒரு சொல் கிடையாது. தேவைப்படவில்லை. நான் இதைக் கேட்கத் தொடங்கிய காலத்தில் டிலன் பாடுகிற ஆங்கிலம் பாதிதான் பிடிபடும். ஆனால் அவர் வேலையைச் சொல்கிற இடத்தில் ‘டேபிள்’ என்ற ஒரே சொல் மூன்று அடிகளின் முடிவில் வந்து வந்து இடிக்கும். எதுகை தெரியாத பையன் எழுதியது போல இருக்கும். துடைக்கிறார், எடுக்கிறார், மறுபடி அதே மேஜை. ஒரு ஆயுளை அந்த ஒரு மேஜைக்குள் அடைத்துவிட்டார்கள் என்று புரிவதற்கு அகராதி வேண்டியதில்லை.

பிரச்சினை என்னவென்றால், பாட்டு சொல்வதும் நடந்ததும் ஒன்றில்லை. பாட்டில் கைத்தடியே கொல்கிறது, குற்றச்சாட்டு முதல்தரக் கொலை என்று வருகிறது. ஸான்ட்ஸிங்கர் என்ற பெயரில் ஒரு எழுத்தே காணாமல் போயிருக்கிறது. கவிஞனுக்கு இந்த உரிமை உண்டு என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிடுவோம். நான் சொல்ல மாட்டேன். உயிரோடு இருக்கும் ஒரு மனிதனைப் பெயர் சொல்லிக் கொலைகாரன் என்று உலகம் முழுக்கப் பாடும்போது, அவன் எவ்வளவு மோசமானவனாக இருந்தாலும், செய்ததைத்தான் சொல்ல வேண்டும். அதைவிட, இங்கே உண்மை பாட்டைவிடக் கொடியதாக இருந்தது என்பதுதான் எனக்கு உறுத்தல். தடி உடம்பில் தடயமே விடவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை நாலு பேர் முன்னால் நிறத்தைச் சொல்லித் திட்டியதும் சேர்ந்துதான் அவர் உயிரை எடுத்தது. டிலன் கொஞ்சம் பொறுத்து வழக்கு விவரத்தைப் படித்திருந்தால் இதைவிடப் பயங்கரமான பாட்டு அங்கே கிடந்தது.

இதைத்தான் நான் டிலனின் நிஜமான கடன் என்கிறேன். மான்செஸ்டர் ரசிகனுக்கு அவர் எதுவும் தர வேண்டியதில்லை. ஹாட்டி கேரல் தன் சாவை அவரிடம் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். கேட்டு வாங்காத ஒன்றை எடுத்துக்கொண்டவனுக்குக் கடமை கூடுதல். கூலிக்கு மாரடிப்பவர்கள்கூடச் செத்தவர் வீட்டு வாசலில் நின்றுதான் மாரடிப்பார்கள். எழுதுகிற எல்லோருக்கும் இது பொருந்தும். நாளிதழில் ஒரு மரணத்தைப் படித்துவிட்டு ராத்திரியே கவிதை எழுதி, நூறு லைக்குக்கு அப்புறம் அந்தப் பெயரை மறந்துபோகும் நமக்கும்.

டிலன் மறந்தாரா? இங்கே கதை கொஞ்சம் விசித்திரமாகிறது. போராட்டப் பாட்டுகளைத் துறந்துவிட்டார் என்று பெயரெடுத்த இதே ஆள் இந்தப் பாட்டைத் துறக்கவில்லை. 1975இல் ஊர் ஊராகப் போன ரோலிங் தண்டர் நிகழ்ச்சிகளில் பாடினார், இரண்டாயிரங்களிலும் பாடினார். இயக்கம் கலைந்த பிறகும், கேட்கச் சொல்லி யாரும் கத்தாத ஊர்களிலும். இது போதுமா என்றால், ரூபின் கார்ட்டரை நினைத்தால் போதாது என்றும் தோன்றுகிறது.

கார்ட்டர் குத்துச்சண்டை வீரர். மூன்று பேரைக் கொன்றதாகச் சிறையில் இருந்தார். டிலன் அவரைச் சிறைக்குப் போய்ப் பார்த்தார், 1975இல் அவருக்காக ‘ஹரிக்கேன்’ பாடினார், மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நிதி திரட்டும் கச்சேரி செய்தார். அந்தப் பாட்டிலும் விவரப் பிழைகள். அவதூறு வழக்குக்குப் பயந்து ஒருமுறை வரிகளை மாற்றிப் பதிவு செய்யவேண்டியிருந்தது. 1976 ஜனவரிக்குப் பிறகு டிலன் அந்தப் பாட்டை மேடையில் பாடவே இல்லை. அந்த வருடக் கடைசியில் மறுவிசாரணையில் கார்ட்டருக்கு மீண்டும் தண்டனை கிடைத்தது. 1985இல் ஒரு நீதிபதி அந்த வழக்கு இனவெறியில் நடத்தப்பட்டது என்று சொல்லி விடுவிக்கும்வரை அவர் உள்ளேயே இருந்தார். நடுவில் இருந்த அந்த ஒன்பது வருடத்தில் பாட்டு மௌனம். செத்தவருக்குப் பாடத் தெரிந்தவருக்கு, உயிரோடு உள்ளே கிடந்தவருக்குப் பாட முடியவில்லை. ஏன் என்று டிலன் விளக்கவில்லை, விளக்குவது அவர் வழக்கமும் இல்லை. செத்தவர்களால் நம்மை ஏமாற்ற முடியாது, மறுவிசாரணையில் தோற்று நம்மைச் சங்கடப்படுத்தவும் முடியாது. காரணம் இதுவாக இருந்தால் எனக்கு அவர் மேல் கோபம்தான்.

2016இல் நோபல் பரிசு வந்தது. விழாவுக்குப் போகவில்லை, பாட்டி ஸ்மித் போய்ப் பாடினார். 2020இல் தன் பாட்டுகளின் பதிப்புரிமையை மொத்தமாக யுனிவர்சல் நிறுவனத்துக்கு விற்றார். அறுநூறுக்கு மேல் பாட்டுகள். ஹாட்டி கேரலின் சாவும் அதில் ஒன்று. விற்றதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, அவர் எழுதியது, அவர் சொத்து என்கிறது சட்டம். பாடப்பட்டவருக்கு அந்தச் சட்டத்தில் பங்கு என்று ஒன்று எழுதப்படவில்லை. பழைய மெட்டுகளுக்கும் அப்படித்தான். ‘ப்ளோயிங் இன் தி விண்ட்’ பாட்டின் மெட்டு, அடிமைச் சந்தையிலிருந்து தப்பியவர்கள் பாடிய ‘நோ மோர் ஆக்ஷன் பிளாக்’ என்ற பாட்டிலிருந்து வந்தது என்று டிலனே சொல்லியிருக்கிறார். அவர்கள் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டவர்களில்லை.

ஸான்ட்ஸிங்கர் என்ன ஆனான்? தண்டனை முடிந்து வந்து நில வியாபாரம் செய்தான். வரி கட்டாததால் அரசு எடுத்துக்கொண்ட குடிசைகளுக்கு, அவை தன்னுடையவை இல்லை என்று தெரிந்தும், வருடக்கணக்கில் வாடகை வசூலித்தான். தண்ணீர்க் குழாய் இல்லாத, கழிப்பறை இல்லாத குடிசைகள். குடியிருந்தவர்கள் ஏழைக் கறுப்பினத்தவர்கள். 1991இல் அதற்காக மாட்டிக்கொண்டபோது கிடைத்தது சுமார் ஒன்றரை வருடச் சிறை, 50,000 டாலர் அபராதம். ஒரு உயிருக்குக் கிடைத்ததைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு சிறை, நூறு மடங்கு அபராதம். டிலன் மேல் வழக்குப் போட்டு உள்ளே தள்ளியிருக்க வேண்டும் என்று ஒரு வாழ்க்கை வரலாற்றாசிரியரிடம் ஆத்திரத்தோடு சொல்லியிருக்கிறான். போடவில்லை.

2009 ஜனவரியில் அறுபத்தொன்பது வயதில் இறந்தான். பெரிய நாளிதழ்கள் இரங்கல் குறிப்பு வெளியிட்டன. பண்ணையைப் பற்றியோ நில வியாபாரத்தைப் பற்றியோ எழுதுவதற்கு அவனொன்றும் பெரிய ஆள் இல்லை. அந்தக் குறிப்புகள் அச்சானதற்கு ஒரே காரணம் பாட்டு. அவன் பெயருக்குப் பக்கத்தில் பால்டிமோர் ஹோட்டலில் மேஜை துடைத்த ஒரு பெண்ணின் பெயரும், சரியான எழுத்துகளோடு, போட வேண்டியிருந்தது.